அழாத சொர்ணம்மாள்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் மிளகாய் வற்றல் மூட்டை இறக்குகிற நாளில் தெருவே தும்மும். சாலைக் கடைத்தெருவுக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் முந்தானையாலும் மேல்வேட்டியாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். வண்டி மாடுகூடக் கண்ணில் நீர் வடிய நிற்கும். அப்படிப்பட்ட தெருவில் ஒரு பெண்பிள்ளை ஐந்தாறு வருஷமாய்க் கண் நனையாமல் நடமாடிக்கொண்டிருந்தாள். அதை ஒருவரும் கவனிக்கவில்லை. அவள் புருஷன் செத்த அன்றைக்குத்தான் கவனித்தார்கள். கவனிப்பதற்கு நல்ல நாளாகப் பார்த்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் பெயர் சொர்ணம்மாள். வற்றலும் மல்லியும் மொத்த வியாபாரம் செய்த அழகியநம்பி பிள்ளையின் மனைவி. பிறந்த ஊர் நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டி. கல்யாணமாகி, கடைக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டுக்கு வந்த புதிதில், முதல் லோடு இறங்கிய அன்று மத்தியானம் முழுக்க அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறந்த வீட்டு நினைப்பு என்று எண்ணிப் பிள்ளை பயந்துபோய், "ஊருக்குக் கொண்டு விடட்டா?" என்று கேட்டார். "வத்தல் நெடி" என்றாள் அவள். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கிணற்றடிக்குப் போய்த் துண்டை நனைத்துக்கொண்டுவந்து, அவரே அவள் முகத்தில் ஒற்றினார். அந்தக் காலத்தில், அந்தக் குடும்பங்களில், ஒரு ஆண்பிள்ளை பெண்டாட்டிக்கு இவ்வளவு செய்வது பெரிய காரியம். சொர்ணம்மாள் அந்த ஈரத் துண்டை மறந்ததே இல்லை.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷத்தில் அவளுக்கு விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் கை மடங்காது. தேங்காய்ப்பால் பிழிய முடியாது. வாதம் என்று சொல்லி வைத்தியர் தைலம் கொடுத்தார். பிறகு கண்ணில் மணல் விழுந்தது போல் உறுத்தல். அதற்கு இளநீர்க்குழம்பு என்கிற சொட்டு மருந்து கொடுத்தார். அதைக் கண்ணில் விட்டால் மற்றவர்களுக்குக் கண்ணீர் தாரையாகக் கொட்டும், சொர்ணம்மாளுக்கு எரிந்ததோடு சரி. பிறகு வாய் வறண்டது. ஒரு பிடி அவல் தின்ன ஒரு செம்புத் தண்ணீர் வேண்டியிருந்தது. கடைசியில் பாதம் மரத்தது. ஒருநாள் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது கால்விரலில் மிஞ்சியைக் காணோம். எங்கே கழன்றது, எப்போது கழன்றது, ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வீடு தள்ளி இருந்த நாத்தனார் முத்தாரம்மாள் அதைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள். "கால்ல கெடந்தத தொலச்சது தெரியாம ஒருத்தி இருப்பாளா மைனி?" என்றாள். பிள்ளை வேறு மிஞ்சி வாங்கிக்கொடுத்துப் பேச்சை அதோடு முடித்தார்.

இதெல்லாம் வேறு வேறு உபத்திரவம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், அவளும் நினைத்தாள். வற்றல் மூட்டைக்கு நடுவில் அவள் அலுங்காமல் நிற்பதைப் பார்த்துப் பிள்ளை கேலி செய்வார்.

"நீ கடைக்கு வந்து நில்லு சொர்ணம். சாக்குப் பிரிக்கதுக்கு ஆளு கிட்ட மாட்டேங்கு. உன்னயக் கண்டா வத்தலே பயப்படுதே."

"பொண்டாட்டிய கடையில நிறுத்தின பிள்ளைன்னு பேரெடுக்கணுமாக்கும் உங்களுக்கு?"

இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டார்கள். ஒரே மகள் தாணம்மாளை நாகர்கோவில் வடசேரியில் கட்டிக்கொடுத்து அனுப்பிய நாளிலும் அப்படித்தான். பஸ் கிளம்பும்போது பெண் அழுதாள், பிள்ளை துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். சொர்ணம்மாளுக்குக் கண் காந்தியது, அவ்வளவுதான். "எங்க வீட்டில அப்பாதான் அழுதாவ, அம்மா கல்லு மாதிரி நின்னா" என்று தாணம்மாள் புகுந்த வீட்டில் சொல்லிச் சிரித்தாளாம். வேடிக்கையாகத்தான் சொன்னாள். வேடிக்கையாகச் சொன்னதெல்லாம் மனசின் ஒரு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டு தன் நேரத்துக்குக் காத்திருக்கும்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில் பிள்ளை கடைத் தராசின் பக்கத்திலேயே சாய்ந்தார். வீட்டுக்குத் தூக்கி வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

நாஞ்சில் நாட்டுக்காரர்கள் சாவு வீட்டைத் துட்டி வீடு என்பார்கள். துட்டி கேட்க வரும் பெண்கள் வாசலிலேயே குரலெடுத்துக்கொண்டு வந்து, தாலியறுத்தவளைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து அழுவார்கள். வருகிறவள் அழ, இருக்கிறவளும் கூடச் சேர்ந்து அழ வேண்டும். அடுத்தவள் வந்தால் அவளோடும் அழ வேண்டும். கன்னத்தோடு கன்னம் வைப்பதால் யார் எவ்வளவு அழுதாள் என்பது யாருக்கும் மறையாது. அன்று ஆரியசாலைப் பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சொர்ணம்மாளைக் கட்டிக்கொண்டார்கள். விலகினதும் தங்கள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஒட்டியிருந்தது அவரவர் சொந்த ஈரம் மட்டும்.

அவள் வாய்விட்டுத்தான் கதறினாள். ஆனால் உமிழ்நீர் இல்லாத வாயில் குரல் எழவில்லை. நடுவில் நடுவில் நிறுத்தித் தண்ணீர் கேட்டாள். "செம்பு செம்பாட்டு உள்ள போகுது, கண்ணு வழியா ஒரு சொட்டு வெளிய வரல்ல" என்று முத்தாரம்மாள் அடுக்களையில் சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை. கூடப்பிறந்த அண்ணனைப் பறிகொடுத்தவள், தன் துக்கத்துக்குத் துணை தேடினாள். கிடைக்காத ஆத்திரத்தில் சொன்னாள். சொன்னது சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரைக்கும் போய்விட்டது.

மத்தியானத்துக்கு மேல் நாகர்கோவில் பஸ்ஸில் தாணம்மாள் வந்து இறங்கினாள். ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று முகத்தை விலக்கி அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். சிவந்து, காய்ந்து, பொட்டு ஈரமில்லாமல் இருந்தன இரண்டும். அந்தப் பார்வையைச் சொர்ணம்மாள் அதன் பிறகு ஒரு வருஷம் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இது தாங்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து புறப்படும்போது மகள் கேட்டே விட்டாள்.

"அப்பா உனக்கு என்ன கொற வச்சாவ அம்மா?"

"ஒரு கொறயும் வைக்கல்ல மக்கா."

"பின்ன ஏன் ஒரு சொட்டு..."

"கண்ணு எரியுது தாணு. வரமாட்டேங்கு."

"எல்லாருக்கும் வருது" என்று சொல்லிவிட்டுத் தாணம்மாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். அப்புறம் அவள் திருவனந்தபுரம் பக்கமே வரவில்லை.

கடையைப் பிள்ளையின் அண்ணன் மகன் பார்த்துக்கொண்டான். மாதச் சாமானைத் தவறாமல் அனுப்பினான். நல்லவன், ஆனால் வாசல்படி தாண்டி உள்ளே வரமாட்டான். பெண்களும் வரவில்லை. 'அழாத சொர்ணம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் காதில் விழாதபடி சொல்லுகிறோம் என்ற நினைப்பு அவர்களுக்கு. ஒருத்திக்குச் சோறு வடித்து, ஒருத்தி தின்று, ஒருத்தி படுக்கிற வீட்டில் தெருவின் எல்லாச் சத்தமும் நன்றாகக் கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கொடுமை என்னவென்றால், கொஞ்சம் கொஞ்சமாக அவளே தெருவின் பக்கம் சேர்ந்துவிட்டாள். எல்லோருக்கும் வருகிற கண்ணீர் எனக்கு மட்டும் வரவில்லையென்றால், எனக்கு அவர்மேல் பிரியமே இருந்ததில்லையோ என்று யோசிக்கத் தொடங்கினாள். ஈரத் துண்டை நினைத்தாள். கடை சாத்திவிட்டு வரும்போது மடியில் மறைத்து அவர் கொண்டுவரும் மட்டி வாழைப்பழத்தை நினைத்தாள். நினைக்க நினைக்க நெஞ்சு வலித்தது. அந்த வலியையும் அவள் நம்பவில்லை. வேஷமாக இருக்குமோ என்று தன்னையே சந்தேகப்பட்டாள். இதைவிடத் தனிமையான இடம் ஒரு மனுஷிக்கு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆனியில் ஒரு பெரிய லோடு வந்தது. சுமட்டுக்காரர்கள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு இறக்கினார்கள். தெருவில் கதவுகள் சாத்தப்பட்டன. சொர்ணம்மாள் பின்வாசல் வழியாக மெதுவாகச் சாக்குகளின் நடுவில் போய் நின்றாள். மூக்கு எரிந்தது, இருமல் வந்தது, கண் வறண்டே கிடந்தது. ஒரு வற்றலை எடுத்து உடைத்து, விதையோடு இரண்டு இமைக்குள்ளும் தேய்த்தாள். அவருக்காக ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு வந்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தீ வைத்த மாதிரி இருந்தது. நீர் வரவில்லை.

மறுநாள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வண்டி பிடித்துத் தனியாகவே கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே டாக்டர் நாகேஸ்வரன், கோட்டைக்குள் அக்கிரகாரத்துக்காரர், தமிழ் பேசுகிறவர். இரண்டு கண்ணையும் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன விழுந்தது?" என்று கேட்டார்.

"வத்தல்."

"விழுந்ததா? இமைக்குள்ள விதை இருக்கே?"

"நானே தேச்சேன்" என்றாள் அவள்.

"எதுக்கு?"

"அழணும்."

டாக்டர் கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. புண் ஆறுவதற்கு மருந்து போட்டு, பத்து நாள் கழித்து வரச் சொன்னார். அவள் மறுபடி போனபோது நர்ஸ் எலிசாளைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். எலிசாள் நெய்யாற்றின்கரைப் பக்கம், பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசும் பெண். மை ஒற்றுகிற தாள் மாதிரி ஒரு தாளை விரல் அகலத்தில் பாதியாகக் கத்தரித்து, நுனியை மடக்கிக்கொண்டு வந்தாள்.

"அம்மச்சி, மேல நோக்குங்க. பேடிக்கண்டாம், பயப்படாதீங்க, குத்தாது" என்று சொல்லிக் கீழ் இமைக்குள் நுனியைச் செருகினாள். மற்றக் கண்ணிலும் அப்படியே. இரண்டு கண்ணிலும் இரண்டு வெள்ளைத் தாள் தொங்க, சொர்ணம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். யாராவது தெருக்காரர் பார்த்தால் நன்றாகச் சிரித்திருப்பார்கள். அஞ்சு நிமிஷம் கழித்து டாக்டர் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். மற்றவர்களுக்கு இதில் பாதிக்குமேல் ஊறிப்போகும் என்றார். அவள் தாளில் மடக்கின நுனியைத் தவிர ஓரிடமும் நனையவில்லை.

பிறகு விரல் மூட்டை அமுக்கிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். கண்ணை மூடச் சொல்லி ஊசியால் பாதத்தில் தொட்டு, "தெரியறதா?" என்று கேட்டார். "தொடுங்க, சொல்லுதேன்" என்றாள். அவர் முன்னமே தொட்டுவிட்டிருந்தார். உள்ளங்கையிலும் அதே கதைதான்.

"அம்மா, இதெல்லாம் ஒரே வியாதி" என்றார் டாக்டர். "மூட்டு வாதத்தோட கூடவே வரது. கண்ணீர் சுரக்கற இடம் வத்திப்போச்சு, எச்சில் சுரக்கற இடமும். நரம்பும் அடிபட்டிருக்கு. ஏன் வரதுன்னு எங்களுக்கே இன்னும் தெளிவாத் தெரியலை. போகவும் போகாது. கண்ணுக்கு ஒரு மருந்து தரேன், கஞ்சித்தண்ணி மாதிரி வழவழன்னு இருக்கும், விட்டுண்டே இருக்கணும். கையும் காலும் பத்திரம். அடுப்புல ஏனம் இறக்கினா துணி இல்லாம தொடப்படாது. சுட்டா உங்களுக்குத் தெரியாது."

சொர்ணம்மாள் அதையெல்லாம் பாதிதான் கேட்டாள். "வீட்டுக்காரரு செத்தா, அப்பமும் வராதா?" என்று கேட்டாள்.

"வராது. கண்ணுல தண்ணி இல்லையே, எங்கேருந்து வரும்? துக்கத்துக்கு இதுல சம்பந்தமே இல்லை."

"ஒருக்கக் கூடச் சொல்லுங்க சாரே."

அவர் இன்னொரு தடவை சொன்னார். எலிசாள் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சொர்ணம்மாளுக்கு நல்ல பசி எடுத்தது. பல மாதத்துக்குப் பிறகு வந்த பசி. அவரை நினைத்தாள், நெஞ்சு வலித்தது, அந்த வலியைச் சந்தேகப்படாமல் அதோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்து வந்த அந்தத் தாளை முத்தாரம்மாளிடம் காட்டியதுதான் அசட்டுத்தனம். நனையாத தாள் எதைச் சாட்சி சொல்லும்? அது வெறும் வெள்ளைத் தாள். முத்தாரம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அழாததுக்கு ஆஸ்பத்திரியில சீட்டு வேற குடுக்காவளா மைனி?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மகளிடம் சொல்லலாமென்றால் சொர்ணம்மாளுக்கு எழுத வராது. எழுதித் தரச் சொன்னால், எழுதுகிறவன் தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் தபாலில் போடுவான். ஆண்டுத் திவசத்துக்கு எப்படியும் வருவாள், அப்போது சொல்லலாம் என்று காத்திருந்தாள். தெரு என்ன சொன்னாலும் போகட்டும், மகள் ஒருத்தி நம்பினால் போதும் அவளுக்கு.

இதற்கிடையில் நவம்பர் பிறந்தது. நாகர்கோவில் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தது, திருவனந்தபுரம் கேரளம் ஆனது. கடைத்தெருவில் சிலர் கொடி கட்டினார்கள், சிலர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கணக்குப் பார்த்தார்கள். சொர்ணம்மாளுக்கு அதில் ஒன்றுதான் உறைத்தது: மகள் இப்போது வேறு ராஜ்யத்தில் இருக்கிறாள்.

அந்த வாரமே திவசம் வந்தது. தாணம்மாள் புருஷனோடு முதல் பஸ்ஸில் வந்தாள். ஆண்பிள்ளைகள் கரமனை ஆற்றுக்குப் போனார்கள். பெண்கள் இனிமேல்தான் வருவார்கள். அடுக்களையில் அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். "பயறு எங்க?" "அந்த டப்பாவில." "இலை போருமா?" "போரும்." பேச்சு இந்த அளவில் நடந்தது.

அடுப்பில் உருளியில் பருப்புப் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. சொர்ணம்மாள் ஒரு மிடறு தண்ணீர் குடித்து வாயை நனைத்துக்கொண்டாள்.

"தாணு, நான் கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன்."

தாணம்மாள் வாழை இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அத்தை சொன்னா. சீட்டு வாங்கிட்டு வந்தியாமே."

சொர்ணம்மாள் இத்தனை மாதமாய் அடுக்கி வைத்திருந்த பேச்செல்லாம் குலைந்துபோயிற்று. பாயசம் அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. என்ன செய்கிறோம் என்ற நினைவில்லாமல் திரும்பி, உருளியின் இரண்டு காதையும் வெறுங்கையால் பிடித்து இறக்கினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்தபடியே நின்று, "சீட்டு இல்ல மக்கா, அது வெறும் தாளு" என்றாள்.

அப்போதுதான் தாணம்மாள் நிமிர்ந்தாள். "அம்மா, துணி எங்க?" என்று பதறி எழுந்து, வாங்கி வைப்பதற்காக உருளியின் காதில் கை வைத்தாள். வைத்த கையை ஒரு நொடிகூட வைக்க முடியவில்லை. வீலென்று இழுத்துக்கொண்டாள். கண்ணில் நீர் பொலபொலவென்று வந்துவிட்டது. அம்மா இன்னும் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"கீழ வை அம்மா. வச்சிரு."

சொர்ணம்மாள் வைத்தாள். மகள் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையிலும் தோல் வெளுத்துக் குமிழ் கிளம்பியிருந்தது.

"சுடல்லியா உனக்கு?"

"தெரியல்ல."

"எத்தர நாளாட்டு?"

"காலு நாலஞ்சு வருசமா. கை இப்பம் கொஞ்ச நாளாட்டு. மிஞ்சி கழண்டுதுல்லா, அதுவும் இதுதானாம். கண்ணுல தாளு வச்சுப் பாத்தாவ. நனையல்ல. எல்லாம் ஒரே தீனமாம்." அவள் கொஞ்சம் நிறுத்தி நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டாள். "கைக்குத் தெரியல்லங்கதுக்காவச் சூடு இல்லேன்னு ஆவுமா மக்கா? எனக்கு எரியுது தாணு. ஒரு வருசமா எரிஞ்சிட்டு இருக்கு."

தாணம்மாள் தன் விரலைப் பார்த்தாள். ஒரு நொடி பட்டதற்கே சிவந்துபோயிருந்தது. பிறகு அம்மாவின் கையைப் பார்த்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து அழுதாள். போன வருஷம் பாதியில் விட்ட அழுகையையும் சேர்த்து அழுதாள். சொர்ணம்மாளின் கன்னத்துக்கு மரப்பு வரவில்லை. சூடாக ஒரு ஈரம் அதில் பரவி, தாடை வரைக்கும் வழிந்து இறங்குவது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் அசையாமல் நின்றாள். மகள் இந்தத் தடவை முகத்தை விலக்கவில்லை.

வாசலில் வளையல் சத்தம் கேட்டது. முத்தாரம்மாளும் இரண்டு மூன்று பெண்களும் அடுக்களை நடையில் வந்து நின்றார்கள். சொர்ணம்மாளின் நனைந்த முகத்தைப் பார்த்தார்கள். முத்தாரம்மாளுக்கு உதடு துடித்தது.

"இப்பமாவது அழுதியே மைனி" என்றாள். நிஜமான சந்தோஷத்தோடுதான் சொன்னாள். "எங்க அண்ணனுக்க ஆத்துமா இன்னைக்குத்தான் குளிரும்."

தாணம்மாள் உண்மையைச் சொல்லச் சட்டென்று திரும்பி வாயைத் திறந்தாள். சொர்ணம்மாள் கொப்புளித்த கையால் அவள் கையை அழுத்தினாள். மகள் வாயை மூடிக்கொண்டாள். பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு, இலை போட இடம் பார்க்க உள்ளே போனார்கள்.

எண்ணெயும் துணியும் தேடிக் கையில் கட்டி முடித்த பிறகு, தாணம்மாள் முந்தானையை எடுத்து அம்மாவின் கன்னத்தைத் துடைக்கப் போனாள். சொர்ணம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இருக்கட்டு மக்கா" என்றாள். "தானே காயட்டு."